‘நாள் முழுக்க வேலைதானே செய்யிறன்’

அம்மாவின் நாரி நோவுக்கு, அந்தக் கீழ்முதுகு வலிக்கு, எத்தனை வயது என்று கேட்டால் அவர் வருடக் கணக்குச் சொல்ல மாட்டார். “மெனிக் பாமில இருக்கேக்கை தொடங்கினது” என்பார். போரில் இடம்பெயர்ந்தவர்களை வைத்திருந்த அந்தச் செட்டிகுளத்து முகாம் 2009 இலிருந்து 2012 செப்டெம்பர் வரை இருந்தது. மிச்சத்தை நீங்களே கணக்குப் பார்த்துக்கொள்ள வேண்டியதுதான். வன்னியில் பலரும் நோவுக்கு வயது சொல்வது இப்படித்தான். ஒருவருக்கு அது சுனாமிக்குப் பிறகு வந்தது. இன்னொருவருக்குப் பங்கருக்குள் குனிந்து கிடந்து வந்தது. வேறொருவருக்குக் கச்சான் பிடுங்கி வந்தது.

ஒருநாள் விடிய ஐந்தே முக்கால் பஸ்ஸில் அவரை ஒரு பெரிய ஆஸ்பத்திரிக் கிளினிக்குக்குக் கூட்டிக்கொண்டு போனேன். நம்பர் எடுத்து, கொப்பியைக் கொடுத்து, வாங்கிலில் காத்திருந்து, பதினொன்றரைக்கு உள்ளே போனோம். ஊசி போடுவார்கள், இல்லாவிட்டால் நல்ல குளிசையாவது தருவார்கள், அதுவும் இல்லையென்றால் ‘ஸ்கான்’ எழுதுவார்கள் என்பது அம்மாவின் எண்ணம். கிடைத்தது ஒரு தாள். போட்டோக்கொப்பிக்கு மேல் போட்டோக்கொப்பி எடுத்து மங்கிப்போன நான்கு படங்கள். ஒரு மொட்டைத் தலை உருவம் படுத்துக்கொண்டு முழங்காலை மடிக்கிறது, இடுப்பைத் தூக்குகிறது. “இதை ஒவ்வொரு நாளும் செய்யுங்கோ அம்மா.” மூன்று நிமிடத்தில் வெளியே வந்துவிட்டோம். பாதி வழி வரும்வரை அவர் ஒன்றும் பேசவில்லை. அப்புறம் சொன்னார்: “நாள் முழுக்க வேலைதானே செய்யிறன். நான் சும்மா இருக்கிறன் எண்டு நினைச்சினமோ?”

தாள் சாமிப்படத்துக்குப் பின்னால் போனது. எட்டு மாதம் அங்கேயே இருந்தது.

அந்தத் தாளில் இருந்த மருந்து சரியானதுதான். ஆனால் வாங்கிக்கொண்டு போகிறவரின் காதில் அது என்னவாக விழுகிறது என்பதைப் பற்றி யாரும் பெரிதாகப் பேசுவதில்லை. எங்கள் பக்கத்தில் நான் கேட்ட வரையில் அது இரண்டு விதமாக விழுகிறது. ஒன்று, “உங்களுக்கு ஒண்டுமில்லை.” மற்றது, “தாறதுக்கு எங்களிட்டை மருந்தில்லை.” 2022 இல் மருந்துக்கும் பெற்றோலுக்கும் நாடே வரிசையில் நின்றபோது இரண்டாவது சந்தேகம் இன்னும் பலமானது. பனடோல் காட் ஒன்றுக்கே தட்டுப்பாடு. அந்த நேரத்தில் படம் போட்ட தாளைக் கொடுத்தால் வேறென்ன நினைப்பது?

ஆனால் அதற்கு முந்திய வருடம், 2021 ஏப்ரலில், மருந்துக்குப் பஞ்சமில்லாத இங்கிலாந்தில் நைஸ் என்ற அரச மருத்துவ வழிகாட்டல் நிறுவனம் கிட்டத்தட்ட இதையேதான் சொன்னது. வேறு நோய் எதுவும் காரணமாகத் தெரியாத நாட்பட்ட நோவுக்குப் பரசிற்றமோல், புரூபன் வகை மாத்திரைகள், மோர்பின் வகை மருந்துகள் எதையும் புதிதாகத் தொடங்க வேண்டாம். உடற்பயிற்சியையும் சில உளவியல் சிகிச்சைகளையும் முன்னே வையுங்கள் என்றது. சில மனச்சோர்வு மருந்துகளுக்கு மட்டும் இடம் விட்டது. பலன் குறைவு, நாட்பட எடுத்தால் தீங்கு கூட என்பதுதான் காரணம். எங்கள் ஆட்கள் நினைத்தது போல் அது மருந்தில்லாத ஊரின் வைத்தியம் அல்ல.

நாட்பட்ட நோவு என்று வைத்தியம் சொல்வது மூன்று மாதத்துக்கு மேல் நீடிக்கிற, அல்லது திரும்பத் திரும்ப வருகிற நோவை. காயம், சுளுக்கு, முறிவு எல்லாம் பெரும்பாலும் அந்தக் காலத்துக்குள் ஆறிவிடும். ஆறிய பிறகும் நோகிறதென்றால் நோவின் வேலை மாறிவிட்டது என்று அர்த்தம். புதுக் காயத்தின் நோவு வளவுக்குள் யாராவது வந்தால் குரைக்கிற நாய். நாட்பட்ட நோவில் அதே நாய் வடலி ஓலை அசைந்தாலும் குரைக்கிறது. முள்ளந்தண்டிலும் மூளையிலும் இருக்கிற நரம்பு வழிகள் அளவுக்கு மீறிக் கூர்மையாகி, குனிவதையும் திரும்புவதையும்கூட ஆபத்தென்று அறிவிக்கின்றன. நாய் பொய்யாகக் குரைக்கவில்லை, அதற்கு உண்மையிலேயே ஏதோ கேட்கிறது. இதை மட்டும் யாராவது அம்மாவுக்கு அன்றைக்குச் சொல்லியிருந்தால் தாள் சாமிப்படத்துக்குப் பின்னால் போயிருக்காது.

சர்வதேச நோவு ஆய்வுச் சங்கம் நோவுக்கு 1979 இல் எழுதிய வரைவிலக்கணத்தை 2020 இல் திருத்தியது. அதோடு சேர்த்த குறிப்புகளில் ஒன்று, ஒருவர் தனக்கு நோகிறது என்றால் அந்தச் சொல்லை மதிக்க வேண்டும் என்கிறது. 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலில் நாட்பட்ட நோவு தனக்கென்று ஓர் இடத்தோடு இருக்கிறது. இன்னொரு வருத்தத்தின் வால் என்றுதான் அதுவரை அதைப் பார்த்தார்கள்.

படத்தில் ஒன்றும் தெரியவில்லை என்றால் நோ இல்லை, ஏதாவது தெரிந்தால் அதுதான் நோ என்று நாங்களும் நினைக்கிறோம், சில வைத்தியர்களும் அப்படித்தான் பேசுகிறார்கள். “டிஸ்க் விலகியிருக்கு” என்று ஒருமுறை கேட்டுவிட்டு அதன் பிறகு குடமே தூக்காத மனிதர்களை எனக்குத் தெரியும். 2015 இல் வெளியான ஒரு தொகுப்பாய்வு நாரி நோவே இல்லாத மூவாயிரத்துச் சொச்சம் பேரின் ஸ்கான் படங்களைச் சேர்த்துப் பார்த்தது. 20 வயதுக்காரரில் 37 சதவீதத்தினருக்கு முள்ளந்தண்டு வட்டுத் தேய்வு இருந்தது. 80 வயதில் 96 சதவீதம். தலை நரைப்பதைப் போன்ற ஒன்று அது. நரைத்த தலையைப் பார்த்துத் தலையிடிக்குக் காரணம் கண்டுபிடிக்கிற மாதிரித்தான் பல நேரம் நாங்கள் ஸ்கான் படத்தைப் பார்க்கிறோம்.

வன்னியில் இந்தப் படக் கதைக்கு வேறெந்த ஊரிலும் அவ்வளவாக இல்லாத ஒரு கிளை உண்டு. செல் துண்டு, போரில் வெடித்த எறிகணையின் துண்டு. எக்ஸ்ரேயைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தால் வெள்ளை வெள்ளையாகத் தெரியும், “பீஸ்” என்று சொல்வோம். எடுத்தால் நரம்போ இரத்தக் குழாயோ சேதமாகும் என்ற இடங்களில் வைத்தியர்கள் அதை அப்படியே விட்டுவிடுகிறார்கள். உடம்பு சுற்றிவர ஒரு தழும்புத் தசையைக் கட்டி அதை அடைத்து வைக்கிறது. பெரும்பாலான துண்டுகள் கிடந்த இடத்திலேயே கிடக்கும். அரிதாக நகர்வதும் உண்டு. ஆனால் துண்டைச் சுமக்கிறவருக்கு அந்த ‘அரிதாக’ என்ற சொல் எங்கே கேட்கும்? “காலை மடிச்சு நீட்டினா பீஸ் ஓடும்” என்று அவர் அசையாமல் இருக்கிறார். மூட்டு விறைக்கிறது, தசை வற்றுகிறது, நோ கூடுகிறது, கூடிய நோவைப் பார்த்து “பாத்தியோ, ஓடுது” என்கிறார். இரும்பு உடம்புக்குள் இருப்பதால் எம்.ஆர்.ஐ எடுப்பதும் லேசில்லை. காந்தம் இழுத்துவிடக்கூடும் என்று முதலில் துருவித் துருவிக் கேட்பார்கள். இவர்களிடம் படத்தாளைக் கொடுப்பதற்கு முன்னால் எக்ஸ்ரேயை வைத்துக்கொண்டு “துண்டு இங்கே இருக்கு, இந்த அசைவு அதைத் தொடாது, இந்த அசைவு மட்டும் வேண்டாம்” என்று ஒருவர் சொல்ல வேண்டும். ஐந்து நிமிட வேலைதான். அந்த ஐந்து நிமிடம் இல்லாமல் கொடுக்கும் பயிற்சித் தாள் அவருக்குக் கண்ணிவெடி வயலுக்குள் நடக்கச் சொல்வது போல்தான் இருக்கும்.

கால் போனவர்களின் நோ இன்னொரு மாதிரி. இல்லாத பாதத்தில் எரிவும் உளைவும் வரும். சொன்னால் வீட்டுக்காரரே சிரிப்பார்கள் என்று பலர் சொல்வதில்லை. தமிழ்நாட்டில் பிறந்து அமெரிக்காவில் பணியாற்றிய நரம்பியல் அறிஞர் வி.எஸ். ராமச்சந்திரன் 1990களில் இதற்கு ஒரு பயிற்சி கண்டுபிடித்தார். ஒரு கண்ணாடியை நடுவில் நிறுத்தி, இருக்கிற காலை அசைத்து, அதன் பிம்பத்தை மற்றக் காலாகப் பார்ப்பது. சிலருக்கு நல்ல பலன் கிடைக்கிறது, சிலருக்கு ஒன்றுமில்லை. செலவு ஒரு முகக்கண்ணாடிதான். இல்லாத காலை விட இருக்கிற காலின் முழங்காலும் நாரியும்தான் பத்துப் பதினைந்து வருடத்தில் பெரிய பிரச்சினையாகின்றன என்பது தனிக் கதை. யாழ்ப்பாணத்தில் 1987 இல் தொடங்கிய ஜெய்ப்பூர் செயற்கைக் கால் நிலையத்துக்கு வன்னியிலிருந்து போய்வருகிறவர்களைக் கேட்டால் சொல்வார்கள்: கால் பொருந்தாமல் தேய்ந்துவிட்டால் முதலில் சொல்லிக்காட்டுவது நாரிதான்.

சரி, பயிற்சி உண்மையில் எவ்வளவு செய்கிறது? நாட்பட்ட நாரி நோவுக்கு 2021 இல், மருத்துவ ஆய்வுகளைச் சேர்த்து மதிப்பிடுகிற கொக்ரேன் அமைப்பு வெளியிட்ட தொகுப்பு 249 ஆய்வுகளை, 24,000க்கு மேற்பட்ட நோயாளரைச் சேர்த்துப் பார்த்தது. நோவுக்கு நூற்றுக்கு எத்தனை என்று புள்ளி போடச் சொன்னால், பயிற்சி செய்தவர்கள் செய்யாதவர்களை விடச் சராசரியாக 15 புள்ளி குறைவாகப் போட்டார்கள். அன்றாட வேலை செய்யும் திறனில் முன்னேற்றம் அதையும் விடச் சின்னது, ஏழு புள்ளிக்குக் கொஞ்சம் குறைவு. இந்த 15 ஐ நான் முதலில் வாசித்தபோது எனக்கே ஏமாற்றமாக இருந்தது. அறுபதில் இருந்த நோ நாற்பத்தைந்துக்கு வருகிறது, பூச்சியத்துக்கு வரவில்லை. பூச்சியத்தை எதிர்பார்த்துத் தொடங்கியவர் நாற்பத்தைந்தில் நின்றுகொண்டு “கேக்கேல்லை” என்று விட்டுவிடுகிறார். அதே நாற்பத்தைந்தை முன்கூட்டியே சொல்லித் தொடங்கியவர், பஸ்ஸில் யாழ்ப்பாணம்வரை இருந்துகொண்டு போக முடிந்ததை வந்து சொல்கிறார். மருந்து ஒன்றுதான், பலனும் ஒன்றுதான்.

தீங்கு என்று பார்த்தால், ஆய்வுகளில் அதிகம் பதிவானது தசைப் பிடிப்பும் உளைவும். சில வாரத்தில் அடங்குபவை. ஆனால் அந்தச் சில வாரம்தான் நோயாளி தனியாக வீட்டில் இருக்கும் காலம். முதல் பத்து நாளில் நோ கூடும் என்று யாரும் சொல்லவில்லையென்றால், கூடுகிற நோவைக் கண்டு நிறுத்துகிறவரை எப்படிக் குறை சொல்வது?

அம்மாவின் கேள்வியைத் தட்டிக் கழிக்கக் கூடாது. நாள் முழுக்க வேலை செய்கிற ஒருவருக்கு உடற்பயிற்சி எதற்கு? டென்மார்க்கில் சில ஆய்வாளர்கள் இதயநோய் விஷயத்தில் இதேபோல் ஒரு முரணைக் கவனித்து எழுதிவருகிறார்கள். ஓய்வு நேரத்தில் உடலை அசைப்பது நெஞ்சுக்கு நல்லது, அதே உடலைப் பாரமான கூலி வேலையில் நாள் முழுக்க அசைப்பது அவ்வளவு நல்லதாகத் தெரியவில்லை என்று. நோவில் இந்த வேறுபாட்டை விளங்கிக்கொள்ள எனக்கு ஆய்வு தேவைப்படவில்லை. கச்சான் தோட்டம் போதும். கச்சான் பிடுங்குகிறவர் ஒரே பக்கம் குனிந்து, ஒரே கையால் இழுத்து, வரிசை முடியும்வரை நிமிர மாட்டார். நிமிர்ந்தால் பக்கத்து வரிசைக்காரி முந்திவிடுவா. கண்ணிவெடி அகற்றும் வேலைக்குப் போகிற பெண்கள் பாரமான அங்கியோடும் முகக் கவசத்தோடும் வெயிலில் முழந்தாளிட்டு மணிக்கணக்காக இருக்கிறார்கள். வலை இழுக்கிறவருக்கு நோகும்போது கையை விட முடியுமா? வேலை எப்போது நிற்கும் என்பதை முதலாளி, மழை, கடல், குளத்துத் துருசு திறக்கிற நாள் இவைதான் முடிவு செய்கின்றன. பயிற்சியில் அதை முடிவு செய்வது நோவுக்குரியவர். எனக்குத் தெரிந்தவரை இரண்டுக்கும் உள்ள வேறுபாடு முழுக்க இதில்தான் இருக்கிறது. அசைவு ஒரே அசைவாகக்கூட இருக்கலாம், குனிந்து நிமிர்வதுதான் இரண்டும். எத்தனை தரம், எவ்வளவு ஆறுதலாக, எந்த இடத்தில் நிறுத்துவது என்பது யார் கையில் இருக்கிறதோ அதைப் பொறுத்து நரம்புக்கு அது ஆபத்தாகவோ ஆறுதலாகவோ போய்ச் சேர்கிறது.

மேல்நாட்டுப் புத்தகங்கள் அதிகம் எழுதுவது நோவுக்குப் பயந்து அசையாமல் இருப்பவரைப் பற்றி. பயம், ஒதுங்கல், பலவீனம், மறுபடி நோ என்று ஒரு வட்டம். செல் துண்டுக்காரர் அந்த வட்டத்துக்குள் வருவார். ஆனால் இங்கே நான் அதிகம் காண்பது மற்ற வகையை, பல்லைக் கடித்து முடிக்கிற ஆட்களை. நோ குறைந்த நாளில் இரண்டு நாள் வேலையைச் சேர்த்துச் செய்து, அடுத்த மூன்று நாள் பாயில் கிடந்து, எழும்பியதும் விட்டதைப் பிடிக்க மறுபடி ஓடுகிறவர்கள். காலபோக அறுவடையில் இது வருடாவருடம் நடக்கும். நெல்லு வெட்டும் மெஷின் வந்த பிறகு கொஞ்சம் குறைந்திருக்கிறது, ஆனால் மூட்டை தூக்க மெஷின் வரவில்லையே. இவர்களுக்கு “இன்னும் அசையுங்கள்” என்று சொல்வது எரிகிற அடுப்பில் விறகு வைக்கிற வேலை. “நோ வருவதற்கு முதலே நிறுத்துங்கள்” என்பதுதான் இவர்களுக்குப் பயிற்சி. கேட்கச் சுலபம். மானக்கேடாக நினைக்கிறார்கள் என்பதை அனுபவத்தில் சொல்கிறேன்.

மனதைப் பற்றிப் பேசாமல் இதைத் தாண்ட முடியாது, ஆனால் கவனமாகப் பேச வேண்டும். இரண்டாம் உலக யுத்தத்தில் இத்தாலியில் பணியாற்றிய பீச்சர் என்ற அமெரிக்க வைத்தியர், கடுமையாகக் காயப்பட்ட படைவீரரில் ஏறக்குறைய கால் பங்கினர்தான் நோ மருந்து கேட்டார்கள் என்று 1946 இல் எழுதினார். வன்னியில் இதைச் சொன்னால் யாரும் ஆச்சரியப்படுவதில்லை. 2009 இல் காயத்தோடு பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நந்திக்கடல் நீரேரியைக் கடந்து, மறுகரையில்தான் இரத்தத்தைப் பார்த்தவர்கள் இருக்கிறார்கள். நோ காயத்தின் அளவுக்கு ஏற்ப ஓடி வருகிற சங்கதி அல்ல என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம். 1965 இல் மெல்சாக், வோல் என்ற இருவர் இதை விளக்க முள்ளந்தண்டில் ஒரு கதவு இருப்பதாகச் சொன்னார்கள்: கீழேயிருந்து வரும் செய்தியை மேலேயிருந்து வரும் கட்டளை கூட்டவும் குறைக்கவும் செய்யும். பின்னால் அந்த விளக்கம் பல இடத்தில் திருத்தப்பட்டது, ஆனால் கதவு என்ற எண்ணம் நின்றுவிட்டது. இரணைமடு வான்கதவைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இது லேசாக விளங்கும். கதவைத் திறக்கிற அளவைக் குளத்து மட்டம் மட்டுமா தீர்மானிக்கிறது? கீழே ஊருக்குள் என்ன நிலைமை என்பதையும் பார்த்துத்தானே திறக்கிறார்கள்.

அன்று திறக்காத கதவு சிலருக்குப் பிறகு மூடாமல் போய்விட்டது. நித்திரையின்மை, திடுக்கிடல், காணாமல் போன பிள்ளைக்கான காத்திருப்பு எல்லாம் கதவைத் திறந்து பிடிக்கிற கைகள். வன்னிப் பேரழிவின் கூட்டு உளப்பாதிப்பைப் பற்றிப் பேராசிரியர் தயா சோமசுந்தரம் 2010 இல் விரிவாக எழுதினார். எங்கள் சமயங்களுக்குள்ளேயே இருக்கிற மூச்சுப் பயிற்சி, செபம், சாந்தி ஆசனம் போன்றவற்றைத் தளர்வுப் பயிற்சியாகப் பயன்படுத்துவது பற்றி அதற்கு முன்பே எழுதியிருந்தார். எனக்கு அதில் பிடித்தது, பயிற்சி என்ற சொல்லே அங்கே தேவைப்படாததுதான். ஆனால் இந்தப் பேச்சை வைத்தியர் ஆரம்பத்திலேயே எடுத்தால் “மனசிலதான் வருத்தம் எண்டு சொல்லுகினம்” என்று அடுத்த கிளினிக்குக்கு ஆள் வராது. முதலில் நாரியைத் தொட்டுப் பார்க்க வேண்டும்.

இந்தத் தொடுதலை முறிவு நெரிவு பார்க்கிற பரியாரிமார் ஒருபோதும் விடுவதில்லை. எண்ணெய் பூசி, உருவி, ஒத்தடம் கொடுத்து, பத்தியம் சொல்லி, “உதெப்ப வந்தது? ஆர் வீட்டில வேலை?” என்று அரைமணி நேரம் கதைப்பார்கள். எண்ணெய் என்ன செய்கிறதோ, அந்த அரைமணி நேரம் நிச்சயம் ஏதோ செய்கிறது. உடைந்த எலும்பையும் உருவிவிடும் ஆட்களிடம் போகாதீர்கள் என்று சொல்வேன், ஆனால் எண்ணெய் பூசிய சூட்டோடு நாலு அசைவு செய்தால் என்ன கெட்டுவிடும்? அம்மா அப்படித்தான் தொடங்கினார்.

எட்டு மாதம் கழித்து வேறோர் இடத்தில் ஓர் இயன்மருத்துவரை (பிசியோதெரபிஸ்டை) சந்தித்தோம். இளம்பிள்ளை. அவர் தாள் தரவில்லை. “அம்மா, விடிய எழும்பினதிலயிருந்து என்ன செய்வீங்கள் எண்டு சொல்லுங்கோ” என்று கேட்டுவிட்டுப் பேசாமல் இருந்தார். அம்மா கிணற்றடி, அடுப்படி, மாட்டுக்கொட்டில், கோழிக்கூடு என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே போனார். முடிந்ததும் அந்தப் பிள்ளை சொன்னது: “இதெல்லாம் செய்யிற ஆளுக்கு பெலன் இல்லையெண்டு நான் சொல்லமாட்டன். நாரிக்கு நம்பிக்கை வர வேணும், அவ்வளவுதான்.” பிறகு ஒரு பிளாஸ்டிக் கதிரையில் இருந்து கையூன்றாமல் எழும்பச் சொன்னார். நோ தொடங்குமட்டும் எத்தனை தரம்? ஐந்து. “அப்ப நாலு. நல்ல நாளிலயும் நாலு, கெட்ட நாளிலயும் நாலு. அடுத்த கிழமை அஞ்சு.” நோ கொஞ்சம் கூடினால் பயமில்லை, அடுத்த நாள் விடிய பழைய அளவுக்கு வந்தால் சரி, வராவிட்டால் ஒன்றைக் குறையுங்கள் என்றார்.

நல்ல நாளிலும் நாலு என்பதுதான் அம்மாவுக்குப் பெரிய பாடாக இருந்தது.

தாளில் இருந்த படுத்துச் செய்யும் பயிற்சிகளை அவர் ஏன் தொடவில்லை என்பதும் அப்போதுதான் தெரிந்தது. எங்கள் வீடு வீட்டுத்திட்டத்தில் கட்டிய வீடு, ஓர் அறை, ஒரு விறாந்தை. பாய் விரித்துப் படுத்துக் காலைத் தூக்கினால் போகிற வருகிற ஆட்கள் என்ன நினைப்பார்கள்? நடை நல்லது என்கிறார்கள், ஐம்பது வயதுப் பொம்பிளை ஒரு சோலியும் இல்லாமல் றோட்டில் நடந்தால் “என்ன பிரச்சினை?” என்று மூன்று பேர் கேட்பார்கள். கட்டாக்காலி நாய் ஒரு பக்கம், காட்டோரக் கிராமங்களில் யானை மற்றப் பக்கம், ஆவணி வெயில் தலைக்கு மேல். கோயிலுக்கு நடந்தால் யாரும் கேட்பதில்லை. ஆகவே கோயில். கதிரை எல்லா வீட்டிலும் இருக்கிறது. பயிற்சியைக் கைவிடுகிறவர்களை ‘ஒத்துழைப்பில்லை’ என்று கொப்பியில் எழுதுகிறவர்கள் இந்த விறாந்தையை ஒருமுறை வந்து பார்க்கலாம்.

கூட்டமாகச் செய்தால் தொடர்ந்து செய்வார்கள் என்பது பல நாட்டு நோயாளரும் சொல்வது. எங்கள் பக்கம் மாதர் சங்கக் கட்டடம் எல்லா ஊரிலும் உண்டு. கிராமத்து மருந்தகங்களில் இயன்மருத்துவர் பெரும்பாலும் இல்லை, பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்வர ஒரு நாள் கூலி போய்விடும். மாதத்தில் ஒரு நாள் அந்தக் கட்டடத்துக்கு ஓர் இயன்மருத்துவர் வந்தால் இருபது பேரின் ஒருநாள் கூலி மிஞ்சும். நடக்கிற காரியம்தான்.

எல்லா நோயாளரையும் தள்ளிக்கொண்டு போகலாம் என்று நினைத்தவர்கள் பட்ட அடியையும் சொல்ல வேண்டும். கடும் சோர்வு நோய் என்று ஒன்று உண்டு. கொஞ்சம் உடலை அலட்டினாலே அடுத்த நாளோ மறுநாளோ ஆள் விழுந்துவிடும், உடல் நோவும் சேர்ந்தே வரும். பிரித்தானியாவில் 641 பேரை வைத்துச் செய்த பேஸ் என்ற ஆய்வு 2011 இல் வெளிவந்து, படிப்படியாகக் கூட்டும் பயிற்சி இவர்களுக்கு நல்லது என்றது. நோயாளர்கள் மறுத்தார்கள், எங்களை இது மோசமாக்கியது என்று வருடக்கணக்காகச் சொன்னார்கள், ஆய்வின் தரவைக் கேட்டுச் சண்டை பிடித்தார்கள். 2021 ஒக்டோபரில் அதே நைஸ் நிறுவனம் அந்தப் பயிற்சியை இந்த நோய்க்குக் கொடுக்க வேண்டாம் என்று எழுதியது. நாரி நோவும் இதுவும் வேறு வேறு. ஆனால் “செய்தால் இரண்டு நாள் எழும்ப முடியவில்லை” என்று ஒருவர் சொல்லும்போது, சோம்பல் என்று முடிவு கட்டுவதற்கு முன் இந்தப் பத்து வருடச் சண்டையை நினைக்க வேண்டும். நாய் எதற்குக் குரைக்கிறது என்று எட்டிப் பார்க்க வேண்டிய நேரமும் உண்டு. சலம் போவது கட்டுப்பாடில்லாமல் போனால், தொடை இடுக்கு விறைத்து உணர்ச்சி போனால், காய்ச்சலோ மெலிவோ சேர்ந்தால், முன்பு புற்றுநோய் இருந்திருந்தால், விழுந்தெழும்பிய பிறகு வந்திருந்தால், கதிரையை விட்டுவிட்டு உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

அம்மாவின் கொப்பியில் இப்போது பன்னிரண்டு என்று இருக்கிறது. நடுவில் ஒருமுறை ஆறுக்கு இறங்கியது, கச்சான் காலம். நோ போய்விட்டதா என்றால் இல்லை. நூற்றுக்கு எத்தனை என்று கேட்டால் “உந்தக் கணக்கு எனக்கு விளங்காது” என்கிறார்.

இந்த முறை வைகாசிப் பொங்கலுக்கு வற்றாப்பளை அம்மன் கோயிலுக்குப் போனோம். சனம் நெருக்கி அடித்தது, வாகனத்தைத் தூர விட்டுவிட்டு நடக்க வேண்டியிருந்தது. பாதி தூரத்தில் அவர் பாதையோரத்தில் யாரோ விரித்திருந்த பாயில் இருந்துவிட்டார். நான் பதறி, “என்னம்மா, நோகுதோ?” என்றேன்.

“இல்லை” என்றார். “நானாத்தான் இருந்தனான். நீ போய்த் தேத்தண்ணி வாங்கிக்கொண்டு வா.”